பெற்றோருடன் முதன்முறை டோக்கியோ செல்கிறோம். எந்தப் பகுதியில் விடுதி எடுப்பது நல்லது?

எழுபதை நெருங்கும் பெற்றோருடன் ஆறு இரவுகள் தங்கப்போவதாகவும், ஷின்ஜுகுவா அசகுசாவா என்று முடிவு செய்ய இயலவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்வது இரண்டுக்கும் வெளியே: உயேனோவில் எடுங்கள்.

முதல் பயணத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு நான் ஷின்ஜுகுவில்தான் தங்கினேன். உலகிலேயே அதிகப் பயணிகள் வந்துபோகும் ரயில் நிலையம் அது. வெளியேறும் வழிகளே 200க்கு மேல் உள்ளன. ‘நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை’ என்ற குறிப்பை நம்பி அறையைப் பதிவு செய்தேன். அந்த ஐந்து நிமிடம் விடுதிக்கு மிக அருகிலுள்ள வாயிலிலிருந்து கணக்கிடப்பட்டது என்பதும், நடைமேடையிலிருந்து அந்த வாயிலை அடைவதற்கே அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும் என்பதும் பெட்டிகளோடு நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு 80 மீட்டரை ஒரு நிமிட நடையாகக் கொள்ளும் விதி உண்டு. சிக்னலில் நிற்கும் நேரம் அதில் சேராது. முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. ஒவ்வொரு மாலையும் களைத்துப்போன அம்மாவை அந்தக் கூட்டத்துக்குள் நடத்தி அழைத்து வந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

டோக்கியோவுக்கு ஒற்றை மையம் கிடையாது. யமனோத்தே என்னும் வட்டப் பாதை 34.5 கிலோமீட்டரில் 30 நிலையங்களை இணைக்கிறது; ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆகவே அந்த வட்டத்தில் எங்கே தங்கினாலும், அதிலுள்ள வேறெந்த நிலையமும் ஏறக்குறைய அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். எனவே புகழ்பெற்ற பெயரைத் தேடுவதைவிட, விமான நிலையத்திலிருந்து வரும் வழியையும் மாலையில் திரும்பி நடக்கும் தூரத்தையும் பார்ப்பதே பயன் தரும்.

இரண்டாம் முறை அதே வட்டத்திலுள்ள உயேனோவில் தங்கியபோது இந்த வேறுபாட்டை உணர்ந்தேன். நரிதா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயில் ஏறத்தாழ 45 நிமிடங்களில் அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. காலையில் பெரியவர்கள் பூங்காவில் தாமரைக் குளத்தருகே உட்கார்ந்திருக்கலாம். அருங்காட்சியகங்களும் அங்கேயே உள்ளன. கின்ஸா சுரங்க ரயில் பாதையில் ஏறினால் அசகுசா கோயில் மூன்றாவது நிறுத்தம். இடையிலுள்ள இனாரிச்சோவும் தவராமாச்சியும் அமைதியான நிலையங்கள்; அங்கும் விடுதி தேடிப் பாருங்கள். பெற்றோர் சைவம் என்றால் உயேனோவின் பக்கத்து நிலையமான ஒகாச்சிமாச்சியை மறக்க வேண்டாம். நகைக்கடைகள் நிறைந்த அப்பகுதியில் இந்திய ரத்தின வணிகர்கள் பலர் இருப்பதால், சைவ இந்திய உணவு அங்கே கிடைக்கிறது. சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பில்கூட மீன் சாறு சேரும் ஊரில் இது சிறிய ஆறுதல் அன்று.

உங்கள் விமானம் ஹனேடாவில் இறங்குமானால் மட்டும் அசகுசாவை முதலில் வைப்பேன். அசகுசா சுரங்க ரயில் பாதையில் அந்த விமான நிலையத்திலிருந்து ரயில் மாறாமலே வரும் வண்டிகள் உண்டு.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுத்தர விடுதிகளில் 12 முதல் 15 சதுர மீட்டர் அறைகளே மிகுதி. ‘செமி டபுள்’ என்பது பெரும்பாலும் 120 சென்டிமீட்டர் அகலக் கட்டில். அதில் இருவர் உறங்குவது கடினம். பெற்றோருக்கு இரு தனிக் கட்டில்கள் உள்ள ‘ட்வின்’ அறையைத் தேர்ந்தெடுங்கள். அது புகைபிடிக்காதோர் அறைதானா என்று பாருங்கள். தங்குவோர் எண்ணிக்கையைச் சரியாகக் குறிப்பிடுங்கள், ஏனெனில் பல விடுதிகளில் கட்டணம் ஆள் கணக்கில் மாறுகிறது. அறை பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கே கிடைக்கும் என்றாலும், பெட்டிகளை முன்னதாகவே வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டுச் சுற்றச் செல்லலாம்.

பணம் செலுத்தும் முன் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, லிஃப்ட் உள்ள நிலைய வாயில் எது, அதன் எண் என்ன என்று கேளுங்கள். சுரங்க ரயில் நிலையங்களில் எல்லா வாயில்களிலும் லிஃப்ட் இருப்பதில்லை. அந்த எண் கையில் இருந்தால் பெரியவர்கள் படி ஏற வேண்டியிராது.