பெஞ்சுகளை வரிசையாகப் போட்டால் அது பஸ்

கேள்வி: நான் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். நான்காம், ஐந்தாம் வகுப்புகள் இரண்டும் என் பொறுப்பு. மொத்தம் 19 பிள்ளைகள். புத்தகத்தை எடுக்கச் சொன்னாலே முகம் வாடிவிடுகிறது. கட்டுரை எழுதச் சொன்னால், நான் கரும்பலகையில் எழுதிப் போடும்வரை காத்திருந்து பார்த்து எழுதுகிறார்கள். நாடகம் ஆண்டு விழாவுக்கு மட்டும்தான், அதிலும் நன்றாகப் பேசுகிற நான்கைந்து பேர்தான். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன், வாசிக்கும் முறை தனக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறான். வாசிப்பு, எழுத்து, நாடகம் மூன்றையும் பிள்ளைகள் ஆசைப்பட்டுச் செய்ய என்ன வழி? மூன்றுக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்க என்னால் முடியவில்லை.
– ஓர் ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: அன்புள்ள டீச்சருக்கு வணக்கம்.

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மூன்றுக்கும் தனித்தனி நேரம் வேண்டாம், மூன்றும் ஒரே வேலைதான். முதலில் வாசி, அப்புறம் எழுது, நேரம் மிச்சமிருந்தால் நடி என்று வரிசையை நாம்தான் போட்டு வைத்திருக்கிறோம். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதலில் நடிக்கட்டும். நடித்ததை எழுதட்டும். எழுதியதை வாசிக்கட்டும். தான் பேசியதே தன் கையெழுத்தில் தாளில் இருந்தால், அதை வாசிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்ததைச் சொல்கிறேன். நான்காம் வகுப்பு. மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் தூங்கி வழிகிற நேரம். பெஞ்சுகளை இரண்டு வரிசையாகப் போடச் சொன்னேன். "இது டவுன் பஸ். யார் யார் ஏறுறீங்க?" நான் சொன்னது அவ்வளவுதான். ஒருத்தி கோழிக் கூடையோடு பாட்டியாக ஏறினாள். ஒருவன் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டான். கண்டக்டர் பாட்டியிடம் காசு கேட்டதும் பின்னாலிருந்து ஒரு குரல்: "டேய், இது பிங்க் பஸ்ஸுடா, பாட்டிக்கு ஃப்ரீ!" உடனே இன்னொருவன், "இல்ல, இது காசு பஸ்ஸு." பத்து நிமிஷம் சண்டை. நான் குறுக்கே போகவில்லை. கடைசியில் கோழிக்காரப் பாட்டியே தீர்ப்புச் சொன்னாள்: "பஸ்ஸுல எழுதிப் போட்டா தெரிஞ்சுரும்ல?"

எழுத்து வேலை அங்கேதான் தொடங்கியது. சார்ட் தாளில் 'மகளிர் கட்டணமில்லாப் பேருந்து' என்று எழுத வேண்டும். 'கட்டண'த்துக்கு மூன்று சுழி ணவா, இரண்டு சுழி னவா என்று கேட்டு நான்கு பேர் என்னிடம் ஓடி வந்தார்கள். எத்தனையோ முறை சொல்வதெழுதுதல் வைத்தும் அப்படி ஒரு அக்கறையை நான் அவர்களிடம் பார்த்ததில்லை. அப்புறம் டிக்கெட் எழுதினார்கள்: ஏறும் ஊர், இறங்கும் ஊர், கட்டணம். டிக்கெட்டைக் காட்டாமல் யாரும் இறங்கக் கூடாது, தான் அதைச் சத்தமாகப் படித்துத்தான் இறக்கிவிடுவேன் என்று கண்டக்டரே ஒரு சட்டம் போட்டான். அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை. அன்று மதியம் ஒரு பஸ் நிறைய டிக்கெட்டை அவன் ஒருவனே படித்து முடித்தான்.

மறுநாள், பஸ்ஸில் யார் என்ன பேசினார்கள் என்று எழுதச் சொன்னேன். இந்த இடத்தில் தமிழ் படிக்கிற பிள்ளைக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. வீட்டில் 'வந்துட்டாங்க', புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்'. வாய் ஒன்று பேச, கை வேறொன்று எழுத வேண்டும். அந்தப் பயத்தில்தான் கரும்பலகைக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். நாடகத்தில் அந்தப் பயத்துக்கே இடமில்லை. பாட்டி பேசுவதைப் பாட்டி பேசுகிற மாதிரியே எழுதலாம். "ஏப்பா, கோழிக்குமா டிக்கெட்டு கேப்ப?" என்று ஒருத்தி எழுதினாள். அதை 'கேட்பாய்' என்று தயவுசெய்து திருத்திவிடாதீர்கள். நாடகத்தில் கதை சொல்கிற ஒருவர் இருக்கட்டும், அவருடைய வரிகள் மட்டும் புத்தகத் தமிழில் இருக்கட்டும்: 'பேருந்து அடுத்த நிறுத்தத்தில் நின்றது. மூன்று பேர் ஏறினார்கள்.' ஒரே தாளில் இரண்டு தமிழும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, எது எங்கே வரும் என்பது இலக்கணப் பாடம் எடுக்காமலே புரிய ஆரம்பிக்கிறது.

கூச்சப்படுகிற பிள்ளைகளுக்குத் தெருக்கூத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூத்தில் வேஷம் கட்டியவர் உள்ளே வந்ததும் கட்டியங்காரன் அவரைக் கேள்வி கேட்பான்: நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள்? அவர் பதில் சொல்லச் சொல்லக் கதை நகரும். வகுப்பில் முதல் சில வாரம் நீங்களே கட்டியங்காரனாக இருங்கள். "யாரு நீ?" "ஆடு." "எங்க போற?" "சந்தைக்கு." "சந்தோஷமாவா போற?" தலையை ஆட்டினால்கூடப் போதும். மேடையில் தனியாக நின்று பேச முடியாத பிள்ளை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். வசனம் மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

கையில் தாளை வைத்துக்கொண்டே நடிக்கட்டும். ஒத்திகை என்று சொல்லி ஒரே வரியை எட்டு முறை படிக்க வைக்கலாம். சரளம் அந்தத் திரும்பப் படிப்பதில்தான் வருகிறது. பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியை எட்டு முறை படி என்றால் யார் படிப்பார்கள்? கோபமாகச் சொல்லு, தூக்கக் கலக்கத்தில் சொல்லு, சாமிக்குப் பயந்து சொல்லு என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள், அவர்களே இன்னொரு தடவை என்பார்கள்.

சரி, தண்ணீர் குடிக்கப் போகிற அந்தப் பையன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவன்தான். தயாரில்லாத ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அந்த ஒரு நிமிஷ அவமானம், நீங்கள் ஒரு மாதம் சொல்லித் தருவதை அழித்துவிடும். அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். அவன் ஆட்டுக்குட்டியைப் பற்றி இருக்கலாம், கம்மாயில் மீன் பிடித்ததைப் பற்றி இருக்கலாம். அவன் சொல்லச் சொல்ல, அவன் வார்த்தையிலேயே நீங்கள் எழுதுங்கள். அன்றைக்கே வகுப்பு அதை நடிக்கட்டும். சிகாகோவில் நீண்ட காலம் மழலையர் வகுப்பு எடுத்த விவியன் பேலி என்ற ஆசிரியை இப்படித்தான் செய்தார். பிள்ளைகள் சொல்லும் கதையை எழுதிக்கொள்வார், மற்றப் பிள்ளைகள் அதை நடிப்பார்கள். உங்கள் பையனுக்கு அந்தத் தாளைக் கொடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்த வார்த்தைகளில் எழுத்தைத் தேடுவது, தெரியாத பத்தியோடு மல்லுக்கட்டுவதைவிட எவ்வளவோ சுலபம்.

புத்தகங்கள் பீரோவுக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டாலே போதும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துப் புத்தகங்கள் உங்கள் பள்ளிக்கு வந்திருந்தால், எளியதில் தொடங்கி நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்தாம் வகுப்புப் பையன் 'நுழை'யைக் கையில் எடுக்கக் கூச்சப்படுவான். "ஒண்ணாம் வகுப்புக்குப் போய் வாசிச்சுக் காட்டணும், பழகிட்டு வா" என்று அனுப்புங்கள். கூச்சமும் போகும், சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு அண்ணன் கிடைப்பான்.

தினம் பத்து நிமிஷம் நீங்களும் வாசித்துக் காட்டுங்கள். முக்கியமான இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். முடிந்ததும் 'இக்கதையின் நீதி யாது?' என்று மட்டும் கேட்காதீர்கள்.

திருத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தாளில் ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ர, ற என்றால் அது மட்டும். மற்றவை காத்திருக்கட்டும்.

பார்வைக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலை வேண்டாம். தொடக்க வகுப்புகளுக்காக 2022-ல் தொடங்கிய அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்திலேயே பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் இருக்கின்றன. "நோட்டுல ஒண்ணுமே எழுதலையே" என்று பெற்றோர் கேட்டால், பிள்ளைகளின் நாடகத் தாள்களைத் தைத்து ஒரு நோட்டாக்கிக் காட்டுங்கள். ஆண்டு விழாவுக்கும் அதிலிருந்தே ஒன்றை எடுங்கள். ஒரு மாதம் வசனம் உருப்போட வைத்து நான்கு பேரை மேடையேற்றுவதைவிட, 19 பேரும் ஏறுகிற ஒரு பஸ் நல்லது. ஊர்க்காரர்களுக்கு அந்தப் பாட்டி யாரென்று பார்த்ததுமே தெரிந்துவிடும், கைதட்டல் தானாக வரும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை மதியம், கடைசி ஒரு மணி நேரம், பெஞ்சுகளை மட்டும் நகர்த்திப் போடுங்கள். பஸ்ஸே வேண்டும் என்றில்லை, ரேஷன் கடை வரிசையாகவும் இருக்கலாம், உங்கள் ஊர்ச் சந்தையாகவும் இருக்கலாம். பிள்ளைகள் எதைக் கேட்கிறார்களோ அது. அந்தப் பையன் என்ன வேஷம் கேட்டான் என்று எனக்கு மறக்காமல் எழுதுங்கள்.