மாத்திரையைப் பெட்டியில் வைக்காதீர்கள்

கணவரோடு இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குக் குடிவரப்போகிறேன், வாடகை எவ்வளவு ஆகும், குளிருக்கு என்ன வாங்க வேண்டும், ஓர் அவசரத்துக்கு ஊர் மருந்துக்கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி எடுத்து வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையையும் ஸ்வெட்டரையும் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், தங்கை. மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இங்கே 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு மருத்துவர்கள் கையெழுத்திட்டால்தான் கருக்கலைப்பு செல்லும். அதை மீறினால் ஆயுள் தண்டனை வரை பேசுகிறது 1861ஆம் ஆண்டுச் சட்டம். கருவைக் கலைத்துக்கொண்ட பெண்மீது வழக்கு கூடாது என்று 2025 ஜூனில் பிரிட்டன் மக்களவை 379க்கு 137 என வாக்களித்தது. அந்தப் பாதுகாப்பு பெண்ணுக்கு மட்டும்தான்; வாங்கிக் கொடுத்த கணவருக்கோ பொட்டலம் கட்டி அனுப்பிய அத்தைக்கோ கிடையாது. சட்டத்தை விடுங்கள், கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரையால் கலையாது, உயிருக்கே ஆபத்து. அதை யார் பார்த்துச் சொல்வார்கள்?

ஒளித்துக் கொண்டுவர அவசியமும் இல்லை. விசாவோடு ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள்; இந்தச் சிகிச்சையும் அதில் அடக்கம். ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் போகாமல் நேரே கருக்கலைப்பு மையத்துக்கே போன் செய்யலாம். கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்பார்கள், சந்தேகம் இருந்தால் ஸ்கேனுக்கு அழைப்பார்கள். பத்து வாரத்துக்குள் என்றால், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டிய இரண்டு வகை மாத்திரைகளும் வெளியே எதுவும் எழுதாத உறையில் தபாலில் வரும். கொரோனா காலத்தில் தற்காலிகமாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு 2022 ஆகஸ்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிரந்தரமானது.

"டாக்டரிடம் சொன்னால் விசா போய்விடும்" என்று பயமுறுத்த நம்மவர்களே சிலர் இருக்கிறார்கள். இருபது வருடம் இங்கே இருந்தும் ஒரு படிவத்தைப் படித்துப் பார்க்காதவர்கள்! அவர்கள் பேச்சைக் கேட்டுப் பெண்கள் வாரக்கணக்கைத் தவறவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

நான் வந்த புதிதில் லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் இருந்தோம். அப்போதெல்லாம் இரண்டாவது மாத்திரையையும் மருத்துவ மையத்துக்குப் போய்த்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து அறை அக்கா அதை முடித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போதே உதிரப்போக்கு தொடங்கிவிட்டது. கோட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியை விடாமல் நின்றபடியே வந்து சேர்ந்தார். வீட்டிலேயே எடுத்துக்கொள்ள அனுமதி கிடைக்க 2018 முடியவேண்டியிருந்தது.

அந்த அக்காவுக்காக மருத்துவரிடம் பேசியதெல்லாம் அவர் கணவர். எனக்கும் என் கணவர்தான் பேசினார். என் மாதவிடாய்த் தேதியைக்கூட அவரே சொன்னார். அதன் பிறகு சொல்ல வேண்டியதைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, நானே போனில் பேசப் பழகினேன். இன்று புதிதாக வரும் பெண்களுக்கு அருகில் உட்கார்ந்து எண்ணைச் சுழற்றித் தருகிறேன், பேசுவது அவர்கள்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள். அறையில் தனியாக இருக்கிறீர்களா என்றும் விசாரிப்பார்கள். கணவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த நேரத்துக்கு அவரைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.