டிஃபெனஸ்ட்ரேட் என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது?

ஒருவரையோ ஒரு பொருளையோ ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவதுதான் டிஃபெனஸ்ட்ரேட். லத்தீனில் ‘ஃபெனஸ்ட்ரா’ என்றால் ஜன்னல். சரி, இதற்கெல்லாமா தனிச்சொல் என்று தோன்றும். காரணம் இன்றைய செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரம். 1618 மே 23 அன்று, தங்கள் மத உரிமைகள் பறிபோவதாகக் கொதித்துப்போன புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் அங்குள்ள கோட்டைக்குள் புகுந்து, ஹாப்ஸ்பர்க் அரச வம்ச ஆட்சியின் கத்தோலிக்க ஆளுநர்கள் இருவரையும் கூடவே அவர்களின் செயலாளரையும் ஜன்னல் வழியாக வீசிவிட்டார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் மூவருமே பிழைத்தது பெரிய ஆச்சரியம்தான். ஆனால் ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போர் அங்கேதான் பற்றிக்கொண்டது. இதே நகரில் 1419இலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. இந்தச் செயலுக்கான ‘டிஃபெனஸ்ட்ரேஷன்’ என்ற பெயர்ச்சொல்தான் ஆங்கிலத்தில் முதலில் வந்தது, வினைச்சொல் அதிலிருந்து வெகுகாலம் கழித்து உருவானது.

இப்போது பெரும்பாலும் உருவகமாகத்தான் எழுதுகிறார்கள்: கட்சித் தலைவரையோ நிறுவனத் தலைவரையோ திடீரென்று பதவியிலிருந்து துரத்தினால் இந்தச் சொல் வரும். சாதாரணப் பதவி நீக்கத்துக்கு இது பொருந்தாது; விருந்தாளியை வாசல்வரை வந்து வழியனுப்புவதற்கும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

அப்புறம், ஜன்னலிலிருந்து தானாகக் குதிப்பதையும் இது குறிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வேறொருவர் தூக்கி எறிந்தால்தான் இந்தச் சொல், விழுந்தவர் சாக வேண்டும் என்பதும் இதன் பொருளில் கிடையாது.