ரோபோ வேக்கம் வாங்கலாமா? கட்டிலுக்கு அடியிலிருந்து சில பதில்கள்

எங்கள் வீட்டுக்கு ரோபோ வேக்கம், அதாவது தானாக ஓடித் தரையைப் பெருக்கும் மெஷின், வந்து ஏழு வருஷம் ஆகிறது. இப்போது ஓடுவது மூன்றாவது மெஷின். முதலாவது செத்துப்போனது, இரண்டாவது அம்மா வீட்டில் ஓடுகிறது. சொந்தக்காரர்கள், அபார்ட்மெண்டில் தெரிந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்ததையும் சேர்த்தால் பத்துப் பதினைந்து மெஷினையாவது கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூ கழற்றியிருப்பேன். நான் எதையும் விற்கவில்லை, யாரிடமும் கமிஷன் வாங்கவும் இல்லை. வேளச்சேரியில் மூன்றாம் மாடி, இரண்டு பெட்ரூம், வெள்ளை டைல்ஸ். என் அனுபவம் இந்தத் தரையில் வந்தது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சரி, கேளுங்கள்.

தாம்பரம்: அக்கா, ஒரே வரியில் சொல்லுங்க. வாங்கலாமா, வேண்டாமா?

டைல்ஸ் அல்லது மொசைக் தரை, அறைக்கு அறை நிலைப்படி கிடையாது, தரையில் சாமான் குறைவு. மூன்றும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தினால் வாங்கலாம். ஒன்று பொருந்தாவிட்டால் யோசியுங்கள், இரண்டு பொருந்தாவிட்டால் அந்தக் காசுக்கு வேறு ஏதாவது வாங்குங்கள். ஒரு வரி கேட்டீர்கள், நீண்டுவிட்டது.

காரைக்குடி: எங்களுடையது பழைய வீடு. ஆத்தங்குடி டைல்ஸ், நடுவில் முற்றம். மகன் வெளிநாட்டிலிருந்து ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்கிறான்.

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாதாரண மெஷின் ஏறித் தாண்டுவது 2 சென்டிமீட்டர் வரைதான். காலைத் தூக்கி 4 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ தாண்டுகிற விலை உயர்ந்த மாடல்களும் வந்திருக்கின்றன, ஆனால் உங்கள் ஊர் நிலைப்படிக்கு அதுவும் போதாது. ஒவ்வோர் அறைக்கும் குழந்தையைத் தூக்கிப்போய் விடுவதுபோல் விட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, தரையின் நிறம். படியிலிருந்தோ முற்றத்திலோ விழாமல் இருக்க மெஷினின் அடியில் அகச்சிவப்பு சென்சார்கள் இருக்கும். அவை அனுப்பும் ஒளி தரையில் பட்டுத் திரும்பினால் தரை உண்டு, திரும்பாவிட்டால் பள்ளம். கறுப்பு நிறம் அந்த ஒளியை விழுங்கிவிடும். அத்தை வீட்டு ஹாலில் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு கிரானைட் பார்டர். அவர்கள் மெஷின் அதை வீட்டைச் சுற்றி ஓடும் அகழி என்று நினைத்துக்கொண்டு, ஓரம் வரை வந்து நின்று, ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்பிவிடும். நான்கு சுவர் ஓரமும் இன்றுவரை கையால்தான் பெருக்குகிறார்கள்.

கோயம்புத்தூர்: இது வந்தால் வேலைக்கு வரும் அக்காவை நிறுத்திவிடலாம், ஒரு வருஷத்தில் மெஷின் காசு திரும்பிவிடும் என்று கணவர் கணக்குப் போடுகிறார். சரிவருமா?

கணக்கு காகிதத்தில் சரியாக இருக்கும், வீட்டில் சரியாக இருக்காது. சிலிண்டரை நகர்த்தி அதன் அடியில் இருக்கும் வட்டக் கறையைத் தேய்ப்பது யார்? ஃபேன் இறக்கை, ஜன்னல் கம்பி, கதவுக்குப் பின்னால் மூலை? மெஷின் வட்டமானது, மூலை சதுரமானது. பக்கத்து பிரஷ் கொஞ்சம் எட்டும், முழுதாக எட்டாது.

எங்கள் வீட்டுக்கு வருகிற அக்கா முதல் வாரம் மெஷினை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது அவரேதான் அதன் டப்பாவைக் கொட்டுகிறார். "தூசி அது பாத்துக்கும், கறை நான் பாத்துக்கறேன்" என்று அவராகவே பிரித்துக்கொண்டார். தினமும் பெருக்குகிற நேரம் போய், அந்த நேரத்தில் பாத்ரூம் டைல்ஸும் ஜன்னலும் சுத்தமாகின்றன. சம்பளத்தை நான் குறைக்கவில்லை, உங்கள் கணவரிடமும் அதையே சொல்லுங்கள்.

திருச்சி: கடையில் ஒருவர் 4,000 பாஸ்கல் என்கிறார், இன்னொருவர் 20,000 என்கிறார். எதை நம்புவது?

இரண்டும் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் தரைக்கு அது அவ்வளவு முக்கியம் இல்லை. பாஸ்கல் என்பது உறிஞ்சும் அழுத்தம். தூசியைத் தூக்குவதற்குக் காற்று எவ்வளவு ஓடுகிறது, பிரஷ் தரையில் எப்படி உரசுகிறது என்பதும் வேண்டும். அழுத்தம் அதிகம் தேவைப்படுவது தடித்த கம்பளத்துக்கு. நம் வீடுகளில் கால்மிதியைத் தவிரக் கம்பளம் எங்கே இருக்கிறது? டைல்ஸுக்கு 3,000 பக்கத்தில் இருந்தாலே போதும். அதிக வேகத்தில் வைத்தால் சத்தமும் கூடும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். பாஸ்கலுக்குக் கொடுக்கிற காசை லைடாருக்குக் கொடுங்கள். தலையில் சின்னக் குமிழ் மாதிரி ஒன்று சுழன்று லேசரால் அறையை அளக்குமே, அதுதான். லைடார் இல்லாத மலிவு மெஷின் ஒரே இடத்தை மூன்று தடவை பெருக்கிவிட்டு அடுத்த அறையை மறந்துவிடும். சுமார் 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள்ளேயே லைடார் மெஷின் கிடைக்கிறது.

மதுரை: அக்கா, வீட்டில் நான், இரண்டு பெண்கள், மாமியார். நாலு பேருக்கும் நீளமான முடி. அதுபாட்டுக்கு இழுத்துக்கொள்ளுமா?

இழுத்துக்கொள்ளும், அங்கேதான் பிரச்சினையே ஆரம்பிக்கும். என் முதல் மெஷின் செத்ததற்குக் காரணம் மல்லிகைப்பூ. மதுரைக்காரர் கேட்கிறீர்கள், விவரமாகச் சொல்கிறேன்.

சாயங்காலம் தலையிலிருந்து எடுத்துப் போட்ட பூச்சரம், பூ எல்லாம் உதிர்ந்து வெறும் நாராகக் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. மெஷின் அதை இழுத்து, நடுவில் சுழலும் உருளை பிரஷில் சுற்றிக்கொண்டது. பிரஷில் சுற்றினால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நாரும் முடியும் மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து, உருளையின் முனை சொருகியிருக்கும் குழிக்குள் போய்விடும். அங்கே சுற்றிச் சுற்றிக் கம்பளி வளையம் மாதிரி இறுகிவிடும். நான் ஒரு மாதம் கவனிக்கவில்லை. ஒரு நாள் பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை. கவிழ்த்துப் பார்த்தால் உராய்ந்து உராய்ந்து முனை மூடி உருகி, உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. சர்வீஸ் சென்டரில் பாகம் வரவழைக்கிறோம் என்று இரண்டு மாதம் இழுத்தார்கள், அப்புறம் அந்த மாடலே நிறுத்தியாச்சு என்றார்கள்.

அதனால் வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். மெஷினை நிறுத்திக் கவிழ்த்து, உருளையை வெளியே எடுத்து, இரண்டு முனை மூடியையும் இழுத்துக் கழற்றிப் பாருங்கள். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தையும் நெம்பி எடுங்கள், அதன் அச்சிலும் முடி இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை, தரையில் கீறல் விழுந்த பிறகுதான் பார்ப்பார்கள். முடியை அறுக்கக் கத்தரிக்கோலைவிடத் தையல் பிரிக்கிற ரிப்பர் நன்றாக வேலை செய்யும். வாங்கும்போது நார் பிரஷ் இல்லாமல் முழு ரப்பர் உருளை உள்ளதாகப் பாருங்கள், முடி குறைவாகச் சுற்றும். ஹேர்பின், ஊக்கு, ரப்பர் பேண்ட் எல்லாம் தரையில் விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வீட்டுப் பெண்கள் கையில்.

ஆவடி: துடைக்கவும் செய்யும் என்கிறார்களே. தண்ணீர்த் தொட்டியில் ஃபினாயில் ஊற்றலாமா?

கூடாது. உள்ளே ஒரு குட்டி பம்ப்பும் மெல்லிய ரப்பர் குழாய்களும் இருக்கின்றன, ஃபினாயிலும் பிளீச்சிங்கும் அவற்றைக் கெடுத்துவிடும். போர் தண்ணீரும் வேண்டாம், உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் கழிவுத் தண்ணீரைச் சிக்கனம் என்று பிடித்து ஊற்றுகிறார்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள், ஒரு தடவைக்குக் கால் லிட்டர்தான் ஆகும்.

துடைப்பது என்றால் ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போவதுதான். கால்தடம் போகும். சாம்பார் சிந்திக் காய்ந்ததெல்லாம் போகாது. மாப்பைத் தானாகச் சுழற்றி, டாக்கில் (மெஷின் சார்ஜ் ஏற்றிக்கொள்ள வந்து நிற்கும் பெட்டி) வந்து கழுவி உலர்த்துகிற மாடல்கள் நன்றாகத் துடைக்கின்றன, விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

கும்பகோணம்: பூஜை அறையில் கோலம் போட்டிருப்போம். அது வருமா?

வரும், கோலத்தைச் சாப்பிட்டுவிடும். எங்கள் வீட்டில் மாமியார் ஒரு வெள்ளிக்கிழமை படிக்கோலம் போட்டுவிட்டு விளக்குத் திரி எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது பாதிக் கோலம் இல்லை. மெஷின் ஹாலில் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஆப்பில் வரும் வரைபடத்தில் பூஜை அறையைச் சுற்றிச் சதுரம் வரைந்து 'போகக் கூடாத இடம்' என்று வைத்துவிடுங்கள். கோலத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எரியும் விளக்கில் மோதினாலோ, சாம்பிராணிக் கங்கை உள்ளே இழுத்தாலோ ஆபத்து. நெருப்பு இருக்கிற பக்கம் இதை விடவே கூடாது.

அதே மாதிரி பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், சிமெண்ட் தூசி வருகிறது என்றால் அந்த நாட்களில் ஓட்டாதீர்கள். அந்த மாவுத் தூசி ஃபில்டரை உடனே அடைத்து மோட்டார் வரை போய்விடும்.

நாகர்கோவில்: அம்மா, எனக்கு வயது 71, மனைவிக்கு முழங்கால் வலி. குனிந்து பெருக்க முடியவில்லை. எங்களுக்கு இதை ஓட்டத் தெரியுமா?

ஓட்டத் தெரியும் ஐயா, மெஷின் மேலேயே ஒரு பொத்தான் இருக்கும், அமுக்கினால் போதும். முதல் தடவை ஆப் வைத்து வைஃபையில் இணைக்க மட்டும் யாராவது வர வேண்டும். பல மெஷின்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும், 5-இல் சேராது. வருகிறவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மெஷினே பழுது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

உங்கள் வீட்டுக்கு மட்டும் நான் தானாகக் குப்பையைக் காலி செய்யும் டாக் உள்ளதை வாங்கச் சொல்வேன். சாதாரண மெஷினில் தினமும் குனிந்து டப்பாவை எடுத்துக் கொட்ட வேண்டும், முழங்கால் வலிக்கு அது பெருக்குவதில் பாதி. டாக்கில் உள்ள பை வாரக்கணக்கில் தாங்கும். உறிஞ்சும்போது மிக்ஸி ஓடுகிற மாதிரி சில நொடி சத்தம் வரும். பைக்குத் தனிச் செலவு.

ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். நீங்கள் நடமாடுகிற நேரத்தில் அதை ஓடவிடாதீர்கள். காலுக்கு அடியில் திடீரென்று வந்து நிற்கும், தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போகும். மத்தியானம் இருவரும் படுத்திருக்கும் நேரமோ, கோயிலுக்குப் போகும் நேரமோ வைத்துக்கொள்ளுங்கள்.

சேலம்: பையனுக்கு வீசிங். இதனால் குறையுமா?

துடைப்பத்தால் பெருக்கும்போது தூசி எழும்பி மூக்குக்கு வருகிறதே, அது குறையும். வீசிங் போய்விடும் என்று விளம்பரத்தை நம்பி வாங்காதீர்கள். அலர்ஜி உண்டாக்கும் தூசிப் பூச்சிகள் அதிகம் இருப்பது மெத்தையிலும் தலையணையிலும், அங்கெல்லாம் மெஷின் ஏறாது. டப்பாவைப் பையன் பக்கத்தில் கொட்டாதீர்கள், பால்கனியில் கொட்டுங்கள். ஃபில்டரைக் கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

பெங்களூரு: கேமரா வைத்த மாடல் வீட்டுக்குள் சுற்றுவது பயமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2020-இல் ஐரோபோட் நிறுவனத்தின் சோதனை மெஷின்கள் எடுத்த படங்கள் வெளியே கசிந்தன, ஒரு பெண் கழிவறையில் இருக்கும் படம்கூட அதில் இருந்தது. 2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதை எழுதியது. அவை கடையில் விற்ற மெஷின்கள் இல்லை, சோதனைக்குச் சம்மதித்தவர்கள் வீட்டில் ஓடியவை. 2024-இல் அமெரிக்காவில் சில வீடுகளில் எகோவாக்ஸ் மெஷின்களுக்குள் யாரோ புகுந்து, ஸ்பீக்கர் வழியாகக் கெட்ட வார்த்தை பேசினார்கள். இவை விற்பனைக்கு வந்து மக்கள் வாங்கியவைதான்.

கேமரா இருந்தால் தரையில் கிடக்கும் வயரையும் செருப்பையும் பார்த்து ஒதுங்கும், அது உண்மையான வசதி. நாய் வளர்ப்பவர்களுக்குக் கேமரா ரொம்ப உதவும், காரணத்தை நான் விளக்க வேண்டாம். நான் கேமரா இல்லாத லைடார் மெஷின் வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்கு முன் சார்ஜர் வயரைச் சுருட்டி மேலே வைத்துவிடுகிறேன்.

ஈரோடு: கரண்ட் பில் ஏறுமா? கரண்ட் போனால் என்ன ஆகும்?

பெரிய பேட்டரியே 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர் மணி. இரண்டு எண்ணையும் பெருக்கினால் சுமார் 75 வாட் மணி, வீணாவதையும் சேர்த்து ஒரு சார்ஜுக்கு 0.1 யூனிட். தினமும் முழுசாகத் தீர்த்தாலும் இரண்டு மாத பில்லில் 6 யூனிட், டாக் சும்மா செருகியிருப்பதற்கு இன்னும் கொஞ்சம். பயப்பட ஒன்றும் இல்லை.

கரண்ட் போனால் வரைபடம் அழியாது. ஆனால் டாக் அனுப்பும் சிக்னல் நின்றுவிடுவதால், மெஷின் வீட்டுக்கு வழி தெரியாத மாதிரி டாக் முன்னால் ஆடிவிட்டு நின்றுவிடும். டாக்கை இன்வெர்ட்டர் லைனில் செருகுங்கள்.

திருநெல்வேலி: கம்பெனியே மூடிவிட்டால்?

நடந்திருக்கிறது. 2010-இலேயே லேசர் வைத்த மெஷின் விற்ற நியாட்டோ 2023-இல் மூடப்பட்டது. சர்வரும் பின்னால் நின்றுபோய், ஆப் வேலை செய்யாமல், பொத்தானை அமுக்கி ஓட்டும் நிலைக்கு வந்தது. 2002-இல் ரூம்பாவை அறிமுகப்படுத்தி இந்தத் தொழிலையே வளர்த்த ஐரோபோட், 2025 டிசம்பரில் திவால் மனுப் போட்டது. அதனால் பெயரைப் பார்க்காமல் மூன்று விஷயம் பாருங்கள். பேட்டரி, பிரஷ், ஃபில்டர் தனியாகக் கிடைக்கிறதா, உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா, ஆப் இல்லாமலும் ஓடுமா. பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் தளர ஆரம்பிக்கும், அந்த ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

புதுச்சேரி: நாளைக்குக் கடைக்குப் போகிறேன். எதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்?

இன்று ராத்திரி ஒரு டேப் எடுத்துக்கொண்டு தரையில் படுங்கள். கட்டில், சோபா, பீரோ மூன்றின் அடி உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். லைடார் குமிழோடு சேர்த்து மெஷின் 9.5 முதல் 10 சென்டிமீட்டர் வரை வரும். கைபடாத தூசி எல்லாம் அங்கேதான் இருக்கிறது, அங்கே போகாத மெஷினுக்குக் காசு கொடுக்காதீர்கள். நான் அளக்காமல் வாங்கினேன். என் சோபா 9.3, மெஷின் 9.6. ஒரு வாரம் தினமும் தலையை மட்டும் உள்ளே விட்டு மாட்டிக்கொண்டு கத்தியது. கடைசியில் கைத்தடிக்குப் போடுவார்களே, அந்த ரப்பர் புஷ் நான்கு வாங்கி சோபாக் காலுக்கு மாட்டினேன். முதல் நாள் உள்ளே போய்விட்டு வந்தபோது, மகன் தொலைத்த இரண்டு பென்சிலை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது.