இன்கோனல் 718: ஓரம் மட்டும் வெடித்தால்

உலைச் சூட்டை ஏற்றாதீர்கள். இன்கோனல் 718 என்ற நிக்கல் உலோகக் கலவையில், 1090 டிகிரியில் எடுத்த பில்லெட் (அழுத்தி உருக்கொடுக்க வேண்டிய உலோகக் கட்டி) ஹைட்ராலிக் பிரஸ்ஸில் விளிம்பில் மட்டும் விரிசல் விட்டு வெடிக்கிறது, நடுப்பகுதி நன்றாக இருக்கிறது, உலையை இன்னும் சூடாக்கலாமா என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் டைதான், அதாவது உருக்கொடுக்கும் அச்சுதான், காரணம். பிரஸ் மெதுவாக இறங்கும்போது குளிர்ந்த டை சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மூலைகள்தான் முதலில் ஆறும். 900 டிகிரிக்குக் கீழே போன 718 நெளியாது, கிழியும்.

ஒரு துண்டை முதல் அழுத்தலோடு வெளியே இழுத்துப் பாருங்கள். நடு ஆரஞ்சாகவும் மூலைகள் மங்கிய சிவப்பாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். டையை 250–300 டிகிரிக்காவது சூடாக்குங்கள், இடுக்கியின் வாயையும் சூடாக்குங்கள், பில்லெட்டின் கூர்மூலைகளைத் தேய்த்து உருட்டிவிடுங்கள். உலைக்கும் பிரஸ்ஸுக்கும் இடையில் போகும் நொடிகளை எண்ணிப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

மூலையும் பளிச்சென்று இருந்தும் வெடிக்கிறதா? அப்போது கந்தகத்தைச் சந்தேகப்படுங்கள். கட்டிங் ஆயில், குறியிடும் கிரேயான், உலை எண்ணெய், எதிலிருந்தும் வரலாம். நிக்கலோடு சேர்ந்து அது 650 டிகிரிக்கும் குறைவிலேயே உருகி, உலோகத்தின் மணிகளுக்கு (நுண்படிகங்களுக்கு) இடையிலான எல்லைகளுக்குள் புகுந்துவிடும். உலையில் ஏற்றும் முன் துண்டைச் சுத்தமாகத் துடையுங்கள்.

வெடிப்பு நடுவில் வந்தால் மட்டும் இந்த வைத்தியம் தலைகீழ்: வேகமாக அடித்ததில் உள்ளே சூடு கூடியிருக்கும், அங்கே சூட்டையும் வேகத்தையும் குறைக்க வேண்டும். அப்புறம், ஓரம் ஆறுகிறதே என்று திரும்பத் திரும்ப உலையில் போட்டு, கடைசியில் லேசாகத் தட்டி முடிக்காதீர்கள். மணிகள் பருத்துவிடும், வெடிக்காத துண்டும் பரிசோதனையில் தேறாது.