ஆறு கணினி ஆபீசுக்கு ஃபயர்வால் பெட்டி வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சின்ன டிசைன் ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஆறு கணினி, நாலு கேமரா. மாதம் 3300 ஜிபி பிளான், 23-ம் தேதிக்கே தீர்ந்து நெட் ஊர்கிறது. யார் இழுக்கிறார்கள் என்று பார்க்க வயர்ஷார்க் (நெட்வொர்க்கில் போய்வரும் டேட்டாவைக் காட்டும் மென்பொருள்) போட்டேன்; என் கணினிக்கு வந்துபோவது மட்டும்தான் தெரிகிறது. எஸ்.பி. ரோட்டில் 28,000 ரூபாய்க்கு ஃபயர்வால் பெட்டி (நெட் போக்குவரத்தைக் கண்காணித்து வடிகட்டும் கருவி) வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். வயர்ஷார்க்கில் கோளாறு இல்லை. கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஸ்விட்ச் தபால்காரர் மாதிரி. பக்கத்துக் கணினிக்கான கடிதத்தை உங்கள் வாசலில் போடாது. எல்லோருடைய டேட்டாவும் கடந்து போவது ரவுட்டர் வழியாகத்தான். அங்கேதான் அளக்க வேண்டும்.

அதற்கு முன் செலவில்லாத வேலை ஒன்று. விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் என்று இருக்கும். 30 நாள் கணக்கை ஆறு கணினியிலும் எடுத்துக் கூட்டுங்கள். சில நூறு ஜிபிதான் வருகிறதா? அப்படியென்றால் ஆட்களைச் சந்தேகிக்காமல் கேமராவைப் பாருங்கள். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் இரவு பகலாக கிளவுடுக்கு அனுப்பினால் நாளுக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு மாதம் ஏறக்குறைய 2,600 ஜிபி! பல பிளான்களில் அப்லோடும் கணக்கில் சேரும். பதிவை ஆபீசிலேயே ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொண்டால் இந்தச் செலவே இல்லை.

இதிலும் பிடிபடவில்லை என்றால் ஓப்பன்-டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச மென்பொருள்) ஏற்றக்கூடிய ரவுட்டரோ சின்ன மைக்ரோடிக் ரவுட்டரோ போதும். ஓப்பன்-டபிள்யூஆர்டியில் என்எல்பிடபிள்யூமான் என்ற கூடுதல் மென்பொருளைச் சேர்த்தால் எந்தக் கருவி எவ்வளவு இழுத்தது என்று தனித்தனியாகக் காட்டும். மைக்ரோடிக்கில் டார்ச் என்ற வசதி அந்த நிமிட ஓட்டத்தைக் காட்டும். மாட்டியதும் நெட் கம்பெனிக்காரர் கொடுத்த பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அதில் தொற்றிக்கொள்கிற போன் எதுவும் கணக்கில் வராது.

அப்புறம், "யார் என்ன பார்க்கிறார்கள் என்று எல்லாம் தெரியும்" என்று சொல்லி விற்றால் மயங்காதீர்கள். எச்டிடிபிஎஸ் (தளத்துக்கும் கணினிக்கும் நடுவே போவதைப் பூட்டி அனுப்பும் முறை) வந்த பிறகு பெரும்பாலும் எந்தத் தளம், எவ்வளவு டேட்டா என்பதுதான் தெரியும். உள்ளே பார்க்க, அந்தப் பூட்டைத் திறக்கவிடும் சான்றிதழை ஒவ்வொரு கணினியிலும் ஏற்ற வேண்டும். வேலை செய்பவர்களுடைய பேங்க் பாஸ்வேர்டு வரை திறந்துவிடும். அது வேண்டவே வேண்டாம். வெறும் அளவு எடுப்பதாக இருந்தாலும் வேலை செய்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது மாடல் பெயரோடு நிற்காமல் பெட்டியின் அடியில் வி1, வி2 என்று ஒட்டியிருப்பதையும் பாருங்கள். ஒரே மாடலில் ஒரு வெர்ஷனில் ஓப்பன்-டபிள்யூஆர்டி ஏறும், அடுத்ததில் ஏறாது.