சிலிகானா, சொந்தக் கொழுப்பா?

கேள்வி: வயது 31. இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுத்தபின் மார்பகம் சுருங்கிவிட்டது. சிலிகான் பை வைக்கலாம், வயிற்றுக் கொழுப்பை எடுத்தும் ஏற்றலாம் என்கிறார்கள் கோவையில். காரட் மண்டியில் மூட்டை தூக்குபவள் நான். எது நல்லது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: தொங்கலும் இருந்தால் இரண்டுமே போதாது, தூக்கிக் கட்டும் ஆபரேஷன் தனி. அதை முதலில் கேளுங்கள்.

ஏற்றிய கொழுப்பில் ஒரு பகுதி சில மாதங்களில் கரைந்துவிடும். பிரா அளவில் ஒரு கப் கூடினாலே அதிகம். கரையாமல் செத்த கொழுப்பு கட்டியாகத் தங்கி, பின்னாளில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்ப்பவரைக் குழப்பலாம்.

சிலிகானில் அளவு நிச்சயம், ஆயுள் நிச்சயமில்லை. சுற்றி வளரும் சவ்வு இறுகிக் கல்லாகலாம், உறை கிழியலாம். அதனால் 5-6 ஆண்டில் ஒரு ஸ்கேன், பிறகு 2-3 ஆண்டுக்கு ஒன்று. சொரசொரப்பு உறையில் அபூர்வமான லிம்போமா புற்றுநோய் வந்ததால், 2019-இல் ஒரு வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. வழவழப்பானதையே கேளுங்கள்.

தசைக்கு அடியில் வைத்தால் விளிம்பு தெரியாது, சவ்வு இறுகுவதும் குறைவு. ஆனால் மூட்டை தூக்கும்போது நெஞ்சுத் தசை இறுகி மார்பகம் கோணும். உங்களுக்குப் போதுமான சதை இருந்தால் தசைக்கு மேலேயே வைப்பது பொருத்தம். எப்படியானாலும் 6 வாரம் மூட்டை கூடாது.

ஆபரேஷன் முடிந்ததும் மலையேறிவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி விண்ணென்று தெறித்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது. உடனே திறக்க வேண்டும். பெரும்பாலும் முதல் நாளில்தான் இது வரும். ராத்திரியில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்க முடியாது. நாலைந்து நாள் கோவையிலேயே தங்குங்கள்.